வாடகை விண்ணப்பத்தில் நான்காவது திருத்தம்

எழுதி முடித்ததை மறுபடி படித்துப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. அரசாங்க வேலையில் முப்பத்திரண்டு வருஷம் ஓட்டியவன் சொல்லக்கூடாததுதான். சொல்லிவிட்டேன், இனி பென்ஷனை நிறுத்தவா போகிறார்கள்?

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கம் கொதித்துக்கொண்டிருந்த காலம். எனக்குக் கல்வராயன் மலைமேல் வேலை. மனைவி செல்வியும் கைக்குழந்தையும் எலவனாசூர்கோட்டையில், மாமியார் வீட்டில். கள்ளக்குறிச்சியில் ஒரு வீடு பிடித்து அவர்களைக் கூட்டி வரவேண்டும். சாலை மறியல் வருகிறது, மரத்தை வெட்டிப் போடுவார்கள், பஸ் ஓடாது என்று ஊரெல்லாம் பேச்சு. ஆவணியும் முடியப்போகிறது, புரட்டாசியில் பால் காய்ச்ச மாமியார் ஒப்பமாட்டார். ("இந்த ஆவணியும் போச்சுன்னா நான் வரவே மாட்டேன்" என்று செல்வி சொல்லியிருந்தாள். சொன்னால் செய்பவள்.)

பதினோரு வீடு பார்த்து அலுத்து, பன்னிரண்டாவதாகக் கிடைத்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர். விண்ணப்பம் எழுதித் தரவேண்டும், இரண்டு சாட்சி வேண்டும் என்றார். விண்ணப்பத்தில் சாதிக்கு இடமில்லை. அதை வாயாலேயே கேட்டார்.

"நீங்க எந்தப் பக்கம் சார்?"

"ரிஷிவந்தியம் பக்கம்ங்க."

பெருமூச்சு விட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

தப்பாக எழுதினால் வேறு காகிதம் கிடையாதாம். பத்திரத்தில் செய்வதுபோல, தப்பை ஒரு கோடு போட்டு நீக்கி, மேலே சரியானதை எழுதி, பக்கத்தின் அடியில் "இன்ன வரியில் இதை நீக்கி இதைச் சேர்த்தது எனக்குச் சம்மதம்" என்று குறித்து, நானும் சாட்சிகளும் கையெழுத்துப் போடவேண்டும்.

சாட்சிகள், எதிர்வரிசை டீக்கடைக்காரரும் சைக்கிள் கடைக்காரரும். குழந்தைக்கு ஐந்து மாதம் என்று எழுதியிருந்தேன்; ஆறு. கூப்பிட்டேன். தாலுகாவை மாற்றி எழுதியிருந்தேன். கூப்பிட்டேன். தேதி, போன மாதத் தேதி. மறுபடியும் கூப்பிட்டேன்.

"இன்னா சார், வூட்டை வாடகைக்கு எடுக்கிறீங்களா, வெலைக்கு வாங்குறீங்களா? டீ ஆத்திக்கினு இருக்கேன் சார்!" என்றார் டீக்கடைக்காரர்.

ஒருவழியாக எழுந்தேன். வீட்டுக்காரர் விடவில்லை.

"நீங்க மலையில இருப்பீங்க. பொண்ணும் கைக்கொழந்தையும் தனியாவா இருக்கும்?"

"மாமியார் துணைக்கு வருவாங்க."

"அது இதுல இல்லியே."

அழாத குறை. நான்காவது வரியில் "நான், மனைவி, ஆண் குழந்தை" என்று இருந்தது. இடுக்கில் நுழைக்கக்கூடாதாம். 'மனைவி'க்குக் கோடு போட்டேன், மேலே 'மனைவி, மாமியார்' என்று எழுதலாம் என்று. அதற்குள் டீக்கடைக்காரர், "வரட்டுமா வேணாமா?" என்று கத்தினார். பதறிப்போய் 'மாமியார்' என்று மட்டும் எழுதி, அடியில் குறிப்பையும் எழுதிவிட்டேன். வீட்டுக்காரர் அதைப் படிக்கவில்லை, எண்ணினார். "திருத்தம் நாலு, கையெழுத்து நாலு. சரி." சாவியைக் கொடுத்தார்.

ஆவணியின் கடைசி நல்ல நாளில் மூவரும் வந்து இறங்கினார்கள். மறுநாளிலிருந்து பஸ் ஓடாது என்று கண்டக்டரே சொல்லி அனுப்பியிருந்தார். பால் பாத்திரத்தோடு படியேறிய செல்வியை வீட்டுக்காரர் மறித்தார். அன்றைக்குத்தான் படித்தாராம்.

"தப்பா எடுத்துக்காதம்மா. காயிதத்துல உங்கம்மாதான் இருக்காங்க. நீ இல்ல."

செல்வி வாங்கிப் படித்தாள். "நான்காவது வரியில் மனைவியை நீக்கி மாமியாரைச் சேர்த்தது எனக்குச் சம்மதம்." கீழே என் கையெழுத்து. சாட்சி இரண்டு பேர். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பேனா குடுங்க."

பாத்திரத்தை என் கையில் திணித்துவிட்டு, கதவில் காகிதத்தை வைத்து எழுதினாள். வீட்டுக்காரர் சத்தமாகவே படித்தார்: "ஐந்தாவது திருத்தம். மனைவி மறுபடியும் சேர்க்கப்பட்டார். கணவரை நீக்குவது பற்றிப் பிறகு முடிவு செய்யப்படும்."

முதல் சாட்சியாக மாமியார் கையெழுத்துப் போட்டார். டீக்கடைக்காரர் இந்தத் தடவை கூப்பிடாமலே வந்தார்.

போன வாரம் கேஸ் சிலிண்டருக்குப் பதிய மறந்துவிட்டேன். செல்வி மகனுக்குப் போன் போட்டு, "உங்கப்பா விஷயம் இன்னும் நிலுவையிலதான்டா இருக்குது" என்றாள்.

"முடிவு பண்ணிட்டு சொல்லும்மா," என்றான் அவன். "சாட்சிக்கு நான் வரேன்."