மாமனாரின் கத்தி மடியும் சத்தம்

கத்தியைத் திரும்பப் பூட்டி முடித்தபோது பட்டறை மேஜையில் ஒரு வாஷர் மிச்சம் இருந்தது.

பித்தளை வாஷர். சட்டைப் பொத்தானில் பாதிதான் இருக்கும். ரெஜிஸ் அதை விரல் நுனியில் ஒட்டி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தான். ரொதேஸ் நகரத்தில் ஜெராக்ஸ் மெஷின் பழுதுபார்ப்பது அவன் வேலை. அதில் ஒரு திருகு மிச்சமாவதெல்லாம் சகஜம். மூடியை மாட்டி, மெஷின் ஓடினால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஆனால் இது மெஷின் இல்லை, மாமனார் உர்பேனின் மடக்குக் கத்தி. அதுவும் அவரைக் கேட்காமல் கழற்றியது.

கத்தியைத் திறந்தான். அலகு விழப்போகிற பால்பல் மாதிரி ஆடியது. மடித்தான். சத்தமே வரவில்லை.

"போச்சு!" என்றான்.

எங்கள் ஓப்ராக் மலைப்பக்கத்தில் சாப்பிட்டிருந்தால்தான் அவன் பயம் உங்களுக்குப் புரியும். இங்கே அவரவர் பையிலிருந்து அவரவர் கத்தியை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுவோம். வீட்டுப் பெரியவர் தன் கத்தியை ரொட்டியில் துடைத்து மடித்துவிட்டால் சாப்பாடு முடிந்தது. உங்கள் தட்டில் பாதி சீஸ் கிடந்தாலும் சரி, வாயில் பாதிப் பேச்சு இருந்தாலும் சரி, எழுந்துவிட வேண்டியதுதான். உர்பேனின் வைசாத் குடும்பத்தில் இது இன்னும் கறார். உர்பேன் கத்தி 'டக்' என்று மடிகிற சத்தம் கேட்டதும் நாற்காலிகள் பின்னால் நகரும், நாய்கூட மேஜைக்கடியிலிருந்து எழுந்து வெளியே போய்விடும்.

அந்த 'டக்' ரெஜிஸுக்கு நாலு வருஷப் பழக்கம். மற்றவர்களைவிட அவனைத்தான் அது அதிகமாக வதைத்திருக்கிறது.

மாமனாரின் பண்ணையை ஒட்டினாற்போல மார்த் சித்தியின் வீடு காலியாகக் கிடக்கிறது. மார்த் சித்தி போய்ச் சேர்ந்து ஐந்து வருஷமாகிறது. எல்லோரும் சித்தி, சித்தி என்பார்கள். யாருக்குச் சித்தி என்று ரெஜிஸ் கேட்டுக்கொண்டதில்லை. அவனுக்கு வேண்டியது அந்த வீடு. ரொதேஸில் அவனும் மனைவி மிரேயும் இருப்பது லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி. ஜூன் மாதம் இரட்டைப் பிள்ளை பிறக்கப்போகிறது. இரண்டு தொட்டில் போட்டால் ஆள் நிற்க அங்கே இடமில்லை.

"அப்பாகிட்ட கேளு. இங்க எல்லாம் அப்பா சொல்றதுதான்" என்று மிரேய் சொல்லிவிட்டாள். ரெஜிஸும் வரும்போதெல்லாம் சாப்பாடு முடிகிற நேரத்தில், மாமனார் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் தட்டைப் பார்த்துக்கொண்டு, "மாமா, அந்த மார்த் சித்தி வீடு..." என்று ஆரம்பிப்பான். டக். அவ்வளவுதான். தலையைத் தூக்கிப் பார்த்தால் மாமனார் மாடு பார்க்கக் கிளம்பியிருப்பார்.

இப்போது பாரிஸிலிருந்து ஒரு பல் டாக்டர் அந்த வீட்டை வாடகைக்குக் கேட்கிறாராம். நாளை காலை பார்க்க வருகிறார். இன்று கேட்டால் உண்டு.

நேற்று சாயங்காலம் உர்பேன், "சனியன், திறக்கவே மாட்டேங்குது" என்று கத்தியைத் திட்டியது ரெஜிஸ் காதில் விழுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் நல்ல கால்சட்டை போட்டுக்கொண்டு மாதா கோயில் பூசைக்குப் போவார். கத்தி பழைய கால்சட்டைப் பையிலேயே இருக்கும். பூசை முடிந்து, காபிக் கடையில் இரண்டு கிளாஸ் ஒயின் போட்டுவிட்டு வரப் பன்னிரண்டரை ஆகும். அதற்குள் கத்தியை வெண்ணெயாக வழுக்கவைத்தால் மனுஷன் குளிர்ந்துபோவார், அந்த நேரம் பார்த்து வீட்டைக் கேட்டுவிடலாம் என்று திட்டம் போட்டான். கால்சட்டைப் பையிலிருந்து எடுத்த கத்தியைத் திறந்தான், அலகைப் பிடித்திருந்த ஆணியை அடித்து வெளியே எடுத்தான். இப்போது வாஷரும் கையுமாக நிற்கிறான்.

கதவைத் தள்ளிக்கொண்டு மிரேய் உள்ளே வந்தாள். வயிறு முதலில் வந்தது.

"இங்க என்ன பண்றே? காலைலேருந்து ஆளையே காணோம்."

"ஷ்ஷ்! கதவைச் சாத்து."

அவள் மேஜையைப் பார்த்தாள். "ஐயோ, அப்பா கத்தி! உனக்கென்ன பைத்தியமா?"

"சுத்தம் பண்ணேன். உள்ள ஒரு கைப்பிடி வைக்கோல் இருந்துச்சு."

"எங்கண்ணன் கஸ்பார்கூட அதைத் தொட்டதில்ல. சின்ன வயசுல நான் அதை வச்சு ஒரு பென்சில் சீவுனதுக்கு ஒரு வாரம் அப்பா என்கூடப் பேசல. தெரியுமா?"

"மணி என்ன?"

"பத்து."

"அப்ப போதும். ஒரு வாஷர்தானே" என்றான் ரெஜிஸ். ஆபீஸ்களில் வாடிக்கையாளர்களிடம் பேசுகிற அதே குரல். மிரேய்க்கு அந்தக் குரலைக் கேட்டாலே பயம்.

ஆணியை மறுபடி அடித்து எடுத்தான். வாஷரை அதன் இடத்தில் வைத்தான். ஆணியைப் போட்டு, முனை விரிய சுத்தியலால் தட்டினான். இரண்டு தட்டு போதும். 'டக்' நன்றாகக் கேட்கட்டும் என்று இன்னும் மூன்று போட்டான்.

கத்தி இப்போது திறக்கவே இல்லை.

நகத்தால் இழுத்தான், நகம் உடைந்தது. மிரேய் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள அவன் குறட்டால் அலகைப் பிடித்து இழுத்தான். ஒரு விரற்கடை வந்து நின்றது.

"எண்ணெய் விடேன்" என்றாள் மிரேய்.

பட்டறையில் இருந்தது டிராக்டருக்குப் போடுகிற கறுப்பு கிரீஸ் மட்டும். ரெஜிஸ் சமையல்கட்டுக்குப் போனான். மாமியார் லெயோனி உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தாள். லெயோனி பேசாத ஜீவன். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, ஏப்ரன் பைக்குள் கையை விட்டுக்கொண்டு மேஜைக் கோடியில் உட்கார்ந்திருப்பாள். நாலு வருஷத்தில் மாப்பிள்ளையிடம் அவள் பேசியது பெரும்பாலும் "இன்னும் கொஞ்சம் போடவா?" என்பதுதான்.

"அத்தை, மெல்லிசா ஏதாவது எண்ணெய் இருக்கா?"

"எதுக்கு மாப்ள?"

"கதவு... கீல் கிரீச்சுங்குது."

"எந்தக் கதவு?"

"எல்லாக் கதவுந்தான்."

லெயோனி அவன் உடைந்த நகத்தைப் பார்த்தாள். கறுத்த விரலைப் பார்த்தாள். அலமாரியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து நீட்டினாள்.

"வாத்துக் கொழுப்புதான் இருக்கு. பூசிட்டுக் கைய நல்லாக் கழுவுங்க. இல்லன்னா நாய் விடாது."

கொழுப்பைப் பூசியதும் கத்தி முக்கால்வாசி திறந்தது. ஆனால் வறுத்த வாத்து வாசனை பட்டறை முழுக்க நிறைந்து, நாய் வந்து கதவைப் பிறாண்ட ஆரம்பித்தது. ரெஜிஸ் அதோடு விட்டானா? அடுப்புச் சாம்பலைச் சலித்து, கொழுப்பில் குழைத்து, ஆணியைச் சுற்றி அப்பி, கத்தியைத் திறந்து மூட ஆரம்பித்தான். தேய்ந்து வழிக்கு வரட்டும் என்பது எண்ணம். மிரேய் ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணினாள். இருநூற்றுப் பத்து தடவை.

துடைத்துப் பார்த்தால், அடேயப்பா! விரல் பட்டதும் திறந்தது. விரல் பட்டதும் மடிந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த புதுக் கத்திகூட அப்படி இருக்காது.

"பாத்தியா?" என்றான் ரெஜிஸ்.

"டக் எங்கே?" என்றாள் மிரேய்.

'டக்' இல்லை. மெதுவாக மடித்தான், வேகமாக மடித்தான், காதருகில் வைத்து மடித்தான். ஒரு சத்தமும் இல்லை. அவனுக்கு வியர்த்துவிட்டது. 'டக்' இல்லாத கத்தியை மாமனார் கையில் கொடுத்துவிட்டு வீடு கேட்க முடியுமா? அந்த வீட்டு வாசலைக்கூடக் காட்டமாட்டார்.

"ஸ்பிரிங்தான் காரணம். கொழுப்பு பட்டு தளர்ந்துடுச்சு. அடில ஒரு தகடு வச்சா விறைச்சுக்கும்" என்றான்.

"நல்லா வழுக்குதே, விட்டுடேன்."

"டக் இல்லாம விடறதா? உங்கப்பா கேக்கற முதல் கேள்வியே அதுதான்!"

மத்தி மீன் டப்பாவின் மூடியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, மறுபடி ஆணியை எடுத்து, ஸ்பிரிங்குக்கு அடியில் செருகினான். ஆணியை அடித்தான். இந்தத் தடவை கத்தி திறந்தபடியே விறைத்து நின்றது. மடிக்க, மேஜையில் பூட்டியிருந்த வைஸ் இடுக்கியில் வைத்துத் திருக வேண்டியிருந்தது. திருகினான். அது முனகிக்கொண்டே மடிந்தது. வைஸில் மடிகிற கத்தியில் 'டக்' கேட்கவில்லையென்றால் அது கத்தியின் குற்றமா, வைஸின் குற்றமா என்று அவன் யோசிக்கும்போதே முற்றத்தில் கார் வந்து நின்றது.

"அப்பா!" என்றாள் மிரேய்.

ரெஜிஸ் ஓடினான். பழைய கால்சட்டைப் பையில் கத்தியைப் போட்டுவிட்டு, மூச்சு வாங்க மேஜையில் வந்து உட்கார்ந்தான்.

உர்பேன் உடை மாற்றிக்கொண்டு வந்து மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்தார். பெரிய உடம்பு, கொஞ்சம் காது மந்தம். எதிரே கஸ்பார். கோடியில் லெயோனி. நடுவில் உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்துக் கிண்டிய அலிகோ, கரண்டியைத் தூக்கினால் முழ நீளத்துக்கு இழுபட்டு வந்தது.

"என்ன மச்சான், உங்க மேலேருந்து வாத்து வாசனை வருது? ரொதேஸ்ல இப்ப இதுதான் சென்ட்டா?" என்றான் கஸ்பார்.

ரெஜிஸ் சிரிக்க முயன்றான். அவன் கண் மாமனார் கையிலேயே இருந்தது.

உர்பேன் கத்தியை எடுத்தார். நகத்தால் இழுத்தார். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். நாய் அவர் முழங்காலில் மோவாயை வைத்துக் கத்தியையே பார்த்தது. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததில் அலகு படீரென்று வெளியே வந்தது.

"கையில பலம் போச்சு லெயோனி. வயசாயிடுச்சு எனக்கு" என்றார் உர்பேன். அவர் குரல் உண்மையாகவே தளர்ந்திருந்தது.

ரெஜிஸுக்கு அவமானமாக இருந்தது. எழுந்து, நான்தான் மாமா கெடுத்தேன் என்று சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. மிரேய் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள். அதோடு அடங்கினான்.

கறி முடிந்தது. சீஸ் வந்தது. உர்பேன் கத்தியை ரொட்டியில் இரு பக்கமும் துடைத்தார். வழக்கம்போல எல்லோரும் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தார்கள். அவர் அலகை மடக்கினார்.

அது பாதி வழியில் நின்றுவிட்டது.

கட்டைவிரலால் அழுத்தினார். உள்ளங்கையால் அழுத்தினார். முகம் சிவந்தது. கஸ்பார் எழுவதா வேண்டாமா என்று பார்த்துவிட்டு இன்னொரு துண்டு சீஸ் எடுத்துக்கொண்டான்.

அப்போதுதான் ரெஜிஸுக்கு அது உறைத்தது. கத்தி மடியாது. மடியாவிட்டால் 'டக்' வராது. 'டக்' வராமல் யாரும் எழ முடியாது. மாமனார் எங்கேயும் தப்பிக்க முடியாது! நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கி மாமனாரை நேராகப் பார்த்தான்.

"மாமா, அந்த மார்த் சித்தி வீட்டுக்கு நாங்க குடி வரணும். பல் டாக்டருக்குக் குடுக்காதீங்க. பிள்ளைங்க ரெண்டு பொறக்கப்போகுது, நாலு மாடி ஏற இவளால முடியல. பாதிக் கூரை ஒழுகுதுன்னு தெரியும், நானே சரிபண்ணிக்கறேன்."

கடைசி வாக்கியத்தைக் கேட்டு மிரேய் கண்ணை மூடிக்கொண்டாள்.

உர்பேன் கையில் பாதி மடிந்த கத்தியுடன் வாயைத் திறந்தார். மேஜையின் அந்தக் கோடியைப் பார்த்தார்.

டக்.

நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. கஸ்பார் வாயில் சீஸோடு எழுந்து தொப்பியை எடுத்தான். மிரேய் பழக்க தோஷத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள். நாய் வெளியே நடந்தது.

"நான் இன்னும் மடிக்கவே இல்லியே?" என்றார் உர்பேன். யாரும் காதில் வாங்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கம் சும்மா விடுமா? அவரும் எழுந்துவிட்டார். பையில் போட முடியாத கத்தியை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடியே மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனார்.

மேஜையில் மிஞ்சியது ரெஜிஸும் லெயோனியும்தான்.

லெயோனி ஏப்ரன் பையிலிருந்து கையை வெளியே எடுத்தாள். கையில் விரல் நீளத்துக்கு ஒரு சின்ன மடக்குக் கத்தி. மடிந்திருந்தது.

"அவர் கத்தில ஸ்பிரிங் செத்து கஸ்பாரோட வயசு ஆகுது, மாப்ள. சொன்னா மனசு ஒடஞ்சிபோவாரு. சொல்லாம விட்டா மாட்டுக் கதை பேசி பொழுது சாயுற வரைக்கும் என்னைப் பாத்திரம் கழுவ விடமாட்டாரு. அதான் சந்தையில இதை வாங்கினேன்."

"அப்ப... நான் வீட்டப் பத்திக் கேட்டப்பல்லாம்... அந்த டக்கு..."

லெயோனி தன் கத்தியைத் திறந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மார்த் எனக்குத்தான் சித்தி, வீடும் எம் பேர்லதான் இருக்கு, நாலு வருஷமா அவர்கிட்டயே கேட்டுட்டிருந்தீங்க, இப்பவாவது உக்காந்து என்கிட்ட கேளுங்க."