தறிக்குழியில் எர்த்து

மின்சாரத்துக்குப் பயப்படாதவர்களை நான் நம்புவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று சுவருக்குள் ஒளிந்துகொண்டு நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி நிம்மதியாகக் காலை நீட்டி உட்காருவான்? என் வீட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்க அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. அதை நானே எழுதிவிடுவது நல்லது. அவர்கள் சொல்லும்போது ஆளுக்கு ஒரு முழம் சேர்த்துவிடுகிறார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தைந்து வயது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் (பரீட்சைக்குப் பரீட்சை வயிறு கலங்கி வீட்டுக்கு ஓடிவந்தால் வாத்தியார்கள்தான் என்ன செய்வார்கள்?). பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு தறி, அதில் நான், சமையற்கட்டில் அம்மா. இவ்வளவுதான் குடும்பம். அக்கா கல்யாணமாகி சிங்கப்பூரில் இருந்தாள். லீவில் வந்த அக்கா வீட்டுக்காரர், திரும்பிப் போகும்போது தன் சாமான்களில் ஒன்றை எங்களிடம் விட்டுப் போனார். அது ஒரு ஸ்டீரியோ செட்.

ஊரில் அப்போது ரேடியோ வைத்திருந்தவர்களே வாசலில் ஆள் சேர்ப்பார்கள். இதுவோ இசைத்தட்டு சுற்றும் பெட்டி தனி, வால்வு எரியும் ஆம்ப்ளிஃபையர் தனி, அரிசி டிரம் உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள் தனி. தறிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்தோம். பாட்டு நடுக்கூடத்தில், பாவு நூலின் மேல் உட்கார்ந்து பாடுவது போலக் கேட்டது. மாமா கிளம்பும்போது சொன்ன ஒரு வார்த்தைதான் என் பிழைப்பைக் கெடுத்தது.

"ஏகாம்பரம், இது நம்மூரு ரேடியோ மாதிரி இல்ல. கரண்ட்டு ஏறி எறங்குச்சுன்னா உள்ள எல்லாம் கருகிப் பூடும். பாத்துக்க."

எங்கள் தெருவில் கரண்ட் ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் இருந்தது. பின்தெருவில் ஒரு மாவு மில். அந்த மோட்டார் ஓட ஆரம்பித்தால் எங்கள் வீட்டு பல்பு வறுத்த வெந்தயம் போலச் சிவந்துவிடும். இசைத்தட்டு மெதுவாகச் சுற்றி, பாடுகிற அம்மாளின் குரல் ஆம்பிளைக் குரலாகிவிடும். மோட்டார் நின்றால் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். இதற்காக ஒரு ஸ்டெபிலைசர் வாங்கினேன். இப்போது வருவது போலத் தானாக வேலை செய்கிற ஜாதி இல்லை. முன்னால் ஒரு மீட்டர், அதில் ஒரு முள், கீழே ஒரு திருகு. முள் இறங்கினால் நாம் ஏற்ற வேண்டும். முள் ஏறினால் நாமே ஓடிப்போய் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் செட் போய்விடும்.

ஆகவே செட் பாடும்போதெல்லாம் நான் ஒரு மரப்பலகையில், ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு (வீட்டுக்குள் செருப்பா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டதைப் பொருட்படுத்தாமல்), திருகின் மேல் கையை வைத்து, முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். தெருவே வந்து பாட்டுக் கேட்டது. நான் மட்டும் ஒரு பாட்டுகூடக் கேட்டதில்லை. ஏதாவது ஆனால் எழுந்து மெயினை அணைக்க எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்று எண்ணி வைத்திருந்தேன். நாலு. பழகிப் பழகி மூன்றாக்கினேன்.

அது போதாதென்று ஒருநாள் இரண்டு பாட்டுக்கு நடுவே 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாஷா பாயைக் கூட்டிவந்தேன். அவர் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார்.

"உன் வூட்ல எர்த்து இல்லபா. கெணத்தாண்ட ஆழமா தோண்டி, கம்பிய எறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடு. தெனம் ஒரு கொடம் தண்ணி ஊத்து. அதுல இருந்து ஒரு ஒயர இஸ்துக்கினு வந்து செட்டு பின்னால இந்த ஸ்குருல கட்டு. சத்தம் போயிடும்."

"கெணத்து தண்ணில கரண்ட்டு எறங்கிடுமா பாய்?"

"எறங்காது."

"இடி இடிச்சா அந்த ஒயரு வழியா உள்ள வருமா?"

பாஷா பாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

கிணற்றடியில் அம்மா புழங்குகிறாள். பக்கத்து வீட்டு ஆடு வேறு அங்கேதான் மேயும். மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள் எனக்கு ஞானம் பிறந்தது. ஈரமான மண், ஏற்கெனவே தோண்டிய பள்ளம், என்னைத் தவிர வேறு யாரும் கால் வைக்காத இடம். தறிக்குழி! நெய்கிறவன் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கும் அந்தக் குழியை விடப் பத்திரமான இடம் காஞ்சிபுரத்திலேயே உண்டா?

கம்பியை அடித்தேன். ஒரு சாண் இறங்கியதும் 'டங்' என்றது. கீழே கருங்கல். அதுவும் பூமியில்தானே இருக்கிறது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு கரியையும் உப்பையும் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். செம்பு ஒயரைச் செட்டுக்கு இழுத்தேன். கொஞ்சம் மீந்தது. யாராவது தடுக்கி விழுந்துவிட்டால்? நெய்த துணியைச் சுருட்டுகிற மரத்தில், துணியைப் பிடித்து வைக்க ஓர் இரும்புக் கம்பி இருக்கும். மீந்த ஒயரை அதில் நாலு சுற்றுச் சுற்றி ஒழுங்குபடுத்தினேன். உர்ர் சத்தம் பாதியாகக் குறைந்தது. எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

தறியில் அப்போது ஏறியிருந்தது என் கல்யாணத்துக் கூரைப்புடவை. அரக்கு நிறம், இரண்டு பக்கமும் சாண் அகல ஜரிகைக் கரை. மாப்பிள்ளை தன் கையால் நெய்த புடவையைத்தான் எங்கள் வீட்டில் பெண்ணுக்குக் கட்டுவார்கள். ஒரே ஒரு குறை, பெண் இன்னும் கிடைக்கவில்லை. ஏழாம் வகுப்பு என்று கேட்டதுமே மூன்று வீட்டார் காபியோடு எழுந்து போயிருந்தார்கள். கடைசி நேரத்தில் முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் நான்தான் முன்கூட்டியே நெய்ய ஆரம்பித்திருந்தேன்.

நாலாவதாக வந்தவர் வடிவேலு. கடைத்தெருவில் ஒரு பெரிய பட்டுக்கடையில், நெசவாளிகள் கொண்டுவரும் புடவைகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஜரிகையை வைத்து ஒரு தேய்ப்பு தேய்ப்பார். அசலா போலியா என்று சொல்லிவிடுவார். ஊரில் அவர் முகத்தைவிட விரல் பிரபலம். அவர் மகள் மரகதத்தை நான் ஒருமுறை கோயிலில் பார்த்திருந்தேன். அதன்பிறகு எனக்கு மின்சாரத்தைத் தவிர இன்னொரு கவலையும் சேர்ந்தது.

"அவுருக்கு நாயனம்னா உசுரு," என்றாள் அம்மா. "நீ வாயத் தொறக்காத. செட்டு பேசட்டும்."

காலை பத்து மணிக்கு வடிவேலுவும் அவர் தங்கையும் வந்தார்கள். அம்மா வாசலில் தண்ணீர் கொடுத்தாள். கால் கழுவிக்கொண்டு, ஈரக்காலோடு உள்ளே வந்தார்கள். நான் நாயன இசைத்தட்டைப் போட்டுவிட்டுப் பலகையில் உட்கார்ந்தேன். பின்தெருவில் மில் ஓடிக்கொண்டிருந்தது. முள் ஆடியது.

"இந்தாண்ட நாயனம், அந்தாண்ட தவுலு. தனித்தனியா கேக்குதே," என்று வடிவேலு கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பி ரசித்தார். முகம் மலர்ந்திருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, இன்னா படிச்சிருக்கே?"

"இருநூத்திப் பத்து," என்றேன். என் கண் மீட்டரில் இருந்தது.

"ஏழாங்கிளாஸுங்க," என்றாள் அம்மா அவசரமாக.

"புள்ள ஏன் அந்தப் பொட்டியவே பாத்துக்கினு இருக்குது? பொண்ணு அதுக்குள்ளயா இருக்குது?" என்றாள் தங்கை.

வடிவேலு சிரித்துவிட்டு எழுந்து தறிப்பக்கம் போனார். "இது யாருக்குமா?"

"வரப்போற மருமவளுக்குதாங்க. அவனே நெய்யறான்."

அவர் முகம் இளகியதை நான் பார்த்தேன். கிடைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். அவர் குனிந்தார். அந்தப் புகழ்பெற்ற விரல்கள் இரண்டும் கரையை நோக்கிப் போயின. அதே நேரம் மாவு மில் நின்றது. முள் சிவப்புக் கோட்டுக்குத் தாவியது. நான் திருகுக்குத் தாவினேன்.

"ஹக்."

திரும்பிப் பார்த்தேன். வடிவேலுவின் கை மேலே பறந்துகொண்டிருந்தது. துண்டு தனியாகப் பறந்தது. பின்னால் வைத்த கால் தரையில் படாமல் நேராகத் தறிக்குழிக்குள், என்னுடைய கரிச்சேற்றில், முழங்கால் வரை இறங்கியது. எனக்கு வேறெதுவும் நினைவில்லை. மூன்று எட்டு. மெயின் அணைந்தது.

ஓடிக்கொண்டிருந்த நாயனம் மட்டும் உடனே நிற்கவில்லை. இழுத்து இழுத்து, கன்று ஈனும் எருமை போல அடித்தொண்டையில் கத்தி, அடங்கியது.

"ஜரிக குத்தியிருக்குங்க," என்றாள் அம்மா.

"பொடவ கடிச்சிடுச்சா அண்ணா?" என்றாள் தங்கை.

வடிவேலு குழிக்குள் நின்றபடி விரலைப் பார்த்துக்கொண்டார். "முப்பது வருசமா ஜரிக பாக்கறேன். அசலு பாத்துக்கிறேன், போலி பாத்துக்கிறேன். உசுரோட இருக்கற ஜரிகய இன்னிக்கிதான் பாக்கறேன்."

நான் எர்த்து, கருங்கல், மீந்த ஒயர் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் காலைப் பார்த்தார்.

"அதான் வூட்டுக்குள்ள செருப்பா? நீ மட்டும் தப்பிச்சிக்கினே."

செருப்பைக் கழற்றி இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன். (இதைத்தான் என் பிள்ளைகள் நடித்தே காட்டுவார்கள்.) அவர் வாங்கவில்லை. கரிக்காலோடு, கழுவக்கூட நிற்காமல், தங்கையைக் கூட்டிக்கொண்டு போனார். வாசல்வரை ஒரு கால் தடம் மட்டும் கறுப்பாகப் பதிந்திருந்தது. அம்மா அதை மூன்று நாள் துடைக்கவில்லை. எனக்குக் காட்டுவதற்காகவே வைத்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

பாஷா பாய் வந்து பார்த்தார். செட்டில் ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் மின்கசிவு இருந்திருக்கிறது. கல்லில் முட்டிய கம்பி அதைப் பூமிக்குள் விடவில்லை. அது ஒயர் வழியாகத் தறிக்கும், தறியிலிருந்து ஜரிகைக்கும் போய்க் காத்திருந்திருக்கிறது.

"நான் எர்த்து குடுக்க சொன்னேன்," என்றார். "நீ பொடவைக்கு கரண்ட்டு குடுத்துக்கிறே."

நாலு நாள் தறி பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் அந்தத் தங்கை மட்டும் தனியாக வந்தாள். வாசலில் நின்று, நிலைக்கதவைப் புறங்கையால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தாள்.

"எங்கண்ணன் கூவறதுக்குள்ள புள்ள மெயினாண்ட நின்னுதாமே. இவ்ளோ பயம் இருக்கறவன் வூட்ல பொண்ணு பத்திரமா இருக்கும்ன்றாரு. ஆனா ஒண்ணு. கல்யாணத்துல அந்தச் செட்டு வாசல்படி தாண்டி வரக் கூடாது."

வரவில்லை. செட்டை அக்கா வீட்டுக்காரர் அடுத்த லீவில் எடுத்துப்போனார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கிணற்றடியில் ஆள் ஆழத்துக்குத் தோண்டிப் புதைத்த எர்த்து மட்டும் இருக்கிறது. எதுவும் இணைக்காத அதற்கு நான் இன்றைக்கும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

மாமனார் கடைசிவரை எங்கள் வீட்டில் எதைத் தொட்டாலும், காபி டம்ளராக இருந்தாலும், முதலில் புறங்கையால் ஒரு தட்டு தட்டுவார். போன மாதம் பேத்தியின் நிச்சயதார்த்தம். பட்டுப்புடவைத் தட்டைச் சம்பந்தியம்மாளிடம் நீட்டினேன். புதுச் சம்பந்தம், மரியாதையான மனுஷி. அவர் புடவையைப் புறங்கையால் மெல்ல ஒரு தட்டு தட்டிவிட்டு வாங்கிக்கொண்டார். யார் சொல்லிக்கொடுத்தது என்று பார்த்தேன். மரகதம் எங்கோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, இந்த மண்டபத்தில் மெயின் எந்தச் சுவரில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். ஆறு எட்டு.