எமன் தின்ற நேரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் ஆண்டின் கோடையில், கீரமங்கலத்துச் சந்தைக்கு வந்தவர்கள் காய்கறி வாங்க மறந்தனர். ஆயுளை அளந்துகொள்ள மறந்தாரில்லை. சந்தைக்குத் தென்புறம் கீற்றுப் பந்தலிட்டு அமர்ந்திருந்த நாழிகைச் சித்தரின் புகழ் அத்தகையது. அறந்தாங்கிப் பேருந்தின் கூரைமேல் ஏறியும் வந்தனர். வண்டி கட்டியும் வந்தனர். இன்னும் எத்தனை காலம் வாழ்வோம் என்பதை அறியும் பொருட்டு வெயிலில் நின்று, சிலர் அங்கேயே மயங்கியும் விழுந்தனர்.

சித்தரின் முறை மிக எளிது. அண்டா நீரில் ஒரு சிறு செம்புக் கிண்ணம் மிதக்கும்; வட்டில் என்பார்கள். அதன் அடியில் ஊசித்துளை. துளை வழியே நீர் ஏற ஏற, வட்டில் மெல்ல மூழ்கும். நிதானமாக வெற்றிலை போட்டு மென்று துப்பும் நேரம் அதற்கு ஆகும். ஆயுளறிய வந்தவர் பலகைமேல் சம்மணமிட்டு, உள்ளங்கையில் எரியும் அகலை ஏந்தி, கண்ணை மூடி, வாய் திறவாமல் இருத்தல் வேண்டும். வட்டில் மூழ்கிற்று என மனத்திற்படும் கணத்தில் மறுகையைத் தூக்குதல் வேண்டும். முன்னதாகத் தூக்கினாரோ, தொலைந்தார்! எஞ்சிய நேரத்தை எமன் தின்றுவிட்டான் என்று பொருள். அந்த வட்டாரத்தில் எமனுக்கு நல்ல பசி. முன்னதாகத் தூக்காதவர் ஒருவரும் இலர்.

பரிகாரம் இல்லாமற் போகுமா? நெல்லோ, கடலையோ, ஆடோ ‘காலதானம்’ செய்து, கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டால் மறுசோதனை உண்டு. அதற்குப் பலகையும் இல்லை, அகலும் இல்லை. பாய் விரித்துப் பானகம் கொடுத்து விசிறி வீசுவார்கள். சீடர் முத்துராமன் கதை சொல்லுவார். கேட்பவர் கையைத் தூக்க மறப்பார். வட்டில் மூழ்கும். சித்தர் சேகண்டியை அடித்து, "எமன் தோத்தான்! ஆயுசு வட்டிலைத் தாண்டிருச்சு!" என்று முழங்குவார்.

உள்ளூர்ப் பெண் சந்தனத்தின் தந்தை அடைக்கலம் ஒரு கிடாயைக் கொடுத்து இவ்வாறு ஆயுளை மீட்டவர். அத்துடன் நின்றாரா? மகளுக்குப் பேசி முடித்திருந்த தம் தமக்கை மகன் நாகராசுவையும் அழைத்துச் சென்று பலகையில் அமர்த்தினார். நாகராசு பேருந்து நடத்துநர். ஓரிடத்தில் சும்மா இருந்து பழகாதவன். வட்டில் பாதி மூழ்குவதற்குள் கையைத் தூக்கிவிட்டான். "பாதி ஆயுசு போச்சே!" எனச் சித்தர் கண் கலங்கினார். இத்தகைய பேரிழப்புக்குக் கிடாய் போதாது. அவனுடைய தென்னந்தோப்பைத் தானம் செய்தாலன்றித் தீராது என்றார். நாகராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டான்.

"தோப்பு பெருசாப் போச்சு அவனுக்கு," என்று வீட்டில் வந்து பொருமினார் அடைக்கலம். "அரை ஆயுசுக்காரனுக்கு ஒன்னயக் கட்டிக் குடுத்துட்டு, நாளைக்கு நீ தாலியறுத்து நிக்கிறத நான் பாக்கணுமா? வாற சந்தையன்னைக்கு சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு, வேற எடம் பாக்குறேன்."

சந்தனத்துக்கு வேறு இடம் வேண்டியதில்லை. நாகராசுவே வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாதவளாய், அடுப்பருகே குந்தி உலையையே வெறித்துக்கொண்டிருந்தாள். உலை கொதிப்பேனா என்றது. முந்தாநாளும் இதே பானைதான், இதே விறகுதான். வேலியோரம் பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாளிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புவதற்குள் சோறு அடிப்பிடித்துக் கரியாகியிருந்தது. அன்று அவள் நேரத்தைத் தின்றது யார்? எமனா, கண்ணாத்தாளா?

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடி சிரிப்பு?"

"ஒண்ணுமில்லப்பா. சந்தைக்கு நானும் வாரேன்."

சந்தையன்று, சந்தனம் சொல்லியனுப்பியபடி நாகராசுவும் தோல்பையும் விசிலுமாகப் பந்தலுக்கு வந்து சேர்ந்தான். அவள் சித்தர் முன் சென்று கும்பிட்டாள்.

"சாமி, எங்க அப்பா கையில இருக்கது நீங்க கட்டுன கயிறுதானே?"

"ஆமா தாயி. எமன் இனிமே எட்டிப் பாக்க மாட்டான்."

"அப்படின்னா அவுகளப் பலகையில உக்கார வச்சு அகலக் குடுங்க. கயிறே கட்டாத எங்க மச்சானப் பாயில உக்கார வச்சுக் கதை சொல்லுங்க. ஆயுசு கயித்துலதானே இருக்கு? எங்கிட்டு உக்காந்தா என்ன?"

"தெய்வத்தச் சோதிக்கப்படாது தாயி!"

ஆவூரிலிருந்து கடலை வாங்க வந்திருந்த அந்தோணிமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார். "தெய்வத்த யாருங்க சோதிச்சா? கயித்தத்தானே கேக்குது புள்ள! நம்ம வேதத்துல எமனே கெடையாதுடின்னு சொல்லியும் கேக்காம, எங்க வீட்டுக்காரி ஆட்ட அவுத்துக் குடுத்துட்டா. எனக்கும் தெரியணும்ல!"

ஆடு கொடுத்தவர்கள் அனைவரும் ஆமாம் போட்டனர். சித்தர் இசைந்தார், வேறு வழி?

அடைக்கலம் மிடுக்குடன் பலகையில் அமர்ந்தார். பந்தல் அமைதியாயிற்று. அகல் சுட்டது. நெற்றி வியர்த்தது. வட்டிலின் அடிப்புறம் நனைந்து சற்று நேரந்தான் ஆகியிருக்கும், கை விருட்டென்று மேலே போயிற்று. கண்ணைத் திறந்தவர், மிதந்துகொண்டிருந்த வட்டிலைக் கண்டு திகைத்தார். "ஒரு பொழுது ஆனாப்புல இருந்துச்சே!"

"எங்கிட்டத் தோத்துட்டீங்களே மாமா," என்றான் நாகராசு.

அடுத்து அவன் பாயில் அமர்ந்தான். கதையைச் சவசவ என்று சொல்லுமாறு சித்தர் முத்துராமனுக்குக் கண்ணைக் காட்டினார். முத்துராமனும் அவ்வாறே தொடங்கினார். கூட்டத்தில் ஒருவன் கொட்டாவி விட்டான். கதை சொல்பவனுக்கு அதைவிட அவமானம் உண்டா? முத்துராமன் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். அரசகுமாரி கிணற்றுப் பொந்தில் ஒளிந்தாள். கள்ளன் வடத்தைப் பற்றி இறங்கினான். மேலே வடம் கல்லில் உராய்ந்து இழையிழையாக அறுந்தது. நாகராசு வாயைப் பிளந்தான். கூட்டம் வாயைப் பிளந்தது. சேகண்டிக் கட்டை கையிலிருக்க, சித்தரும் வாயைப் பிளந்தார்.

சந்தனத்தின் கண் மட்டும் அண்டாவை விட்டு அகலவில்லை. வட்டில் ஒரு குமிழை விட்டு மூழ்கிற்று. அவள் பொறுத்திருந்தாள். சேகண்டி ஒலிக்கவில்லை. கதையோ போய்க்கொண்டே இருந்தது.

"சாமி, வட்டில் முங்கி எந்நேரமாச்சு? ஏன் இன்னும் அடிக்கல?"

சித்தர் துள்ளி விழுந்தார். "இப்பத்தானே தாயி..."

"இப்பத்தானா? கள்ளன் கெணத்துல எறங்கறப்பவே முங்கிருச்சு. அவன் ஏறி, ஓடி, ஆத்தையே தாண்டிட்டான்! கயிறு கட்டாத மச்சானுக்கும் தெரியல, கயிறு கட்டுற ஒங்களுக்கும் தெரியல. கை சுட்டா நேரம் நீளுது, கதை கேட்டாச் சுருங்குது. இதுல எமன் எங்கிட்டு வந்தான்?"

பந்தல் சிரிப்பில் குலுங்கிற்று.

"எங்க ஆடு எங்கய்யா?" என்று அதட்டினார் அந்தோணிமுத்து. "அந்த ராசா மகள் பொழச்சாளா?" என்று கத்தினார்கள் மற்றவர்கள். மக்கள் எதை முதலில் கேட்பார்கள் என்பது சித்தருக்குத் தெரியாததா? முத்துராமன் கதையை முடிப்பதற்குள் அவர் பின்பக்கக் கீற்றைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். நேரம் போனதே தெரியவில்லை என்றனர் மக்கள். ஆடுகள் மட்டும் பந்தலுக்குப் பின்னால் கட்டிக் கிடந்தன.

அடைக்கலம் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். "மாப்புள, மனசுல எதுவும் வச்சுக்கிறாதீங்க. ஆவணியிலயே கல்யாணத்த முடிச்சுருவோம்."

சந்தனம் அன்றுதான் நிம்மதியாக மூச்சு விட்டாள். அது முழுதாக வெளிவருமுன் அடைக்கலம் தொடர்ந்தார்:

"அரிமளத்துல ஒரு ஜோசியரு இருக்காராம். நல்ல நேரத்த இம்மி பிசகாமக் குறிச்சுக் குடுப்பாராம். நாளைக்கே ஒரு எட்டுப் போயிட்டு வந்துர்றேன்."

சந்தனம் அண்டாவில் கைவிட்டுச் செம்பு வட்டிலை எடுத்தாள். துளை வழியே நீர் ஒழுக ஒழுக அதைத் தந்தையின் கையில் வைத்தாள்.

"இதையும் கொண்டு போங்கப்பா. மொதல்ல அவர் கையில ஒரு அகலக் குடுத்து உக்கார வைங்க. அவரு நேரத்த அவரு சரியாச் சொல்லட்டும். நம்ம நேரத்த அப்பறம் கேப்போம்."