முதல் கைத்தட்டுக்காரர்

கச்சேரிக்கு வருகிறவர்களில் முதல் கைத்தட்டுக்காரர் என்று ஓர் இனம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? மற்றவர்கள் இசை கேட்க வருவார்கள். இவர் அது முடிவதைக் கேட்க வருவார். கடைசி நாதம் அடங்குவதற்கும் அரங்கம் மூச்சு விடுவதற்கும் நடுவே ஒரு மயிரிழை நேரம் கிடைக்குமே, அதற்குள் இவருடைய உள்ளங்கைகள் மோதிவிட வேண்டும். 'முடிகிற இடம் எனக்குத் தெரியும்' என்று ஆயிரம் பேருக்கு அறிவிக்க இதைவிட மலிவான வழி ஏது?

சீனாவில் சூச்சோ நகரத்து ஷூ பெய்லின், ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார், இந்த இனத்தின் திலகம். நடுவில் தெரியாத்தனமாகத் தட்டுகிற அப்பாவிகளைத் திரும்பிப் பார்த்து, "உஸ்! இன்னும் ரெண்டு பாகம் இருக்கு" என்று அடக்குவார். மேற்கத்திய சிம்பொனிகள் அத்தனையின் வாலும் அவருக்கு மனப்பாடம். தலையைப் பற்றி நாம் கேட்கக் கூடாது.

ஆனால் அன்றைக்கு அரங்கேறியது புத்தம்புதுப் படைப்பு. வயலினும் செல்லோவும் எக்காளமுமாக எழுபது பேர். அவர்களுக்கு முன்னால் தன்னந்தனியாக, கூச்சின் என்ற ஏழு தந்திச் சீன வாத்தியத்தோடு, பெய்லினுடைய மகள் நிங்யா. பன்னிரண்டு வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே காத்திருந்தவளுக்கு இதுதான் முதல் பெரிய மேடை. இசைத்தட்டுக்காக ஒலிப்பதிவு வேறு, ஒரே தடவைதான்.

காலையில் கஞ்சி குடிக்கும்போதே படித்துப் படித்துச் சொன்னாள்: "அப்பா, கடைசியில என் தந்திதான் பேசும். சத்தம் நின்னப்புறமும் என் விரல் தந்திமேல நகர்ந்துட்டே இருக்கும். அதுவும் பாட்டுதான். நான் கையை எடுத்தாதான் முடிஞ்சதுன்னு அர்த்தம்."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

"அவர் எங்கடி கேட்டார்? 'கடைசியில என் தந்தி'யோட காதை மூடியாச்சு" என்றாள் அவர் மனைவி சியூலன்.

மாலையில் அதே கட்டம் வந்தது. எக்காளங்கள் அடங்கின. வயலின்காரர்கள் வில்லை அந்தரத்தில் நிறுத்தினார்கள். நிங்யா ஒரு தந்தியைச் சுண்ட, நாதம் தேய்ந்து தேய்ந்து காதைவிட்டு நழுவியது. விரல் மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது. பெய்லினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்வரிசையில் ஒரு சொட்டைத் தலையர் கையைத் தூக்கினார். மூக்கைச் சொறியத்தான். ஆனால் தன் பெண்ணுக்கு எவனோ முதலில் தட்டுவதா!

பட்! பட்! பட்! "ஹாவ்!" என்று சீனத்தில் சபாஷ் போடும் நாடகக் கொட்டகைக் கூச்சல் வேறு.

கூட ஒருவரும் தட்டவில்லை. போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறவர்களை அடக்க அரங்கப் பணிப்பெண்கள் தூரத்திலிருந்து அடிக்கிற சிவப்பு ஒளிப்புள்ளி அவருடைய கைகளுக்கு நடுவே வந்து நின்றது. நிங்யாவின் விரல் நிற்கவில்லை, முகம்தான் வெளுத்துவிட்டது. இருபது விநாடி கழித்துக் கையை எடுத்தாள். அரங்கமே எழுந்து நின்று தட்டியது. பெய்லினால் மட்டும் தட்ட முடியவில்லை. சியூலன் அவர் கைகளை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

மேடைக்குப் பின்னால் பாவம், மனிதர் அழுதேவிட்டார். "நீ பிரமாதமா வாசிச்சேன்னு முதல்ல நான்தான் சொல்லணும்னு நினைச்சேம்மா."

"கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள் நிங்யா.

இப்படியும் ஒரு மனிதரா என்று சிரித்தபடி பக்கத்தைத் திருப்பப் போகிறீர்கள், இல்லையா? ஒரு நிமிஷம். நேற்று உங்கள் வீட்டில் யாரோ எதையோ சொல்ல ஆரம்பித்ததும், "சபாஷ், புரிஞ்சுடுச்சு" என்று எழுந்து போனீர்களே, அவர் சொல்லி முடித்திருந்தாரா?