மூன்று பலகைகளில் ஒரு பொய்

கூச்சக்காரர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று உலகத்தில் எங்களுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. அது நல்ல குணத்தால் வந்ததில்லை. பொய் சொல்ல வேண்டுமென்றால் முதலில் வாயைத் திறக்க வேண்டும். எங்களுக்குத் தகராறே அங்கேதான். நானும் நாற்பத்து நாலு வயது வரைக்கும் அப்படித்தான் உத்தமனாக இருந்தேன். அதற்குப் பிறகு ஒரே ஒரு பொய் சொன்னேன். ஒரு அடி உயரச் சிவப்பு எழுத்தில், மட்டாஞ்சேரியில் மூன்று இடங்களில், ஒரே நேரத்தில் சொன்னேன்.

பஜாரை ஒட்டிய ஒரு பார்க்கிங்கில் நான் காவலாள். முப்பத்தாறு வண்டி நிற்கும். பத்தாம் கிளாஸ் படித்தவனுக்கு இது நல்ல வேலைதான். நாற்காலி உண்டு, தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் உண்டு, பக்கத்துக் கடையிலிருந்து நேரத்துக்குச் சாயா வரும். ஒரே ஒரு கஷ்டம், இடம் தீர்ந்த பிறகு வருகிறவர்களிடம் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும். என்னால் அது மட்டும் முடியாது. “அஞ்சே நிமிஷம், சேட்டா” என்று யாராவது கெஞ்சினால் தலை தானாக ஆடிவிடும். ஒரு நாள் முப்பத்தாறு இடத்தில் நாற்பத்தொரு வண்டி நின்றது. நடுவில் மாட்டிக்கொண்ட வேனை எடுக்க முடியாமல் ஒரு கல்யாண மாப்பிள்ளை ஆட்டோ பிடித்து முகூர்த்தத்துக்குப் போனார். ஆட்டோவிலிருந்து அவர் என்னைப் பார்த்த பார்வையில் மாலையே வாடியிருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் நகரத்தில் எலெக்ட்ரானிக் பலகைகள் வந்தன. எங்கள் பார்க்கிங்குக்கு மூன்று: பாலத்தடியில் ஒன்று, ஜங்ஷனில் ஒன்று, என் தலைக்கு மேலே வாசலில் ஒன்று. எத்தனை இடம் காலி என்று பச்சையில் எண் காட்டும். தீர்ந்துவிட்டால் சிவப்பில் ‘ஃபுல்’. நான் ஒன்றும் பேச வேண்டாம். யாராவது கெஞ்சினால் விரலை மேலே காட்டுவேன். கடவுளைக் காட்டுவது மாதிரி இருக்கும், அவர்களும் அடங்கிப் போய்விடுவார்கள். எனக்காகப் பேச ஒரு வக்கீலை வைத்துக்கொடுத்த மாதிரி நிம்மதி.

வாசலில் வண்டிகளை எண்ணும் கருவிக்கு மட்டும் கண் கொஞ்சம் சரியில்லை. சுக்கு மூட்டை ஏற்றிய கைவண்டி போனால் அதையும் கார் என்று எண்ணும். ஒரு நாள் பதினோரு ஆடுகள் வரிசையாக உள்ளே போய்ப் பதினோரு இடத்தைப் பிடித்துக்கொண்டன. (எங்கள் ஊர் ஆடுகள் அப்படி. நடு ரோட்டில் படுத்துக்கொண்டு பஸ்ஸை முறைக்கும்.) அதனால் கணக்கைத் திருத்த என் போனில் இரண்டு பொத்தான் கொடுத்திருந்தார்கள், கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று. ஒரு கூச்சக்காரன் கையில் கொடுக்கக் கூடாத பொருள் அது.

அந்தச் சமயத்தில் பத்மா அக்கா எனக்கு ஒரு வரன் கொண்டுவந்தாள். அக்காவைத் தவிர எனக்கு வேறு யாரும் இல்லை. அவள் பார்த்த முந்தைய வரன்களெல்லாம் என் வாயால் போனவை, அதாவது வாய் திறக்காததால். போன தடவை பெண் பார்க்கப் போன வீட்டில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, “ஃபேனைக் கொஞ்சம் குறைக்கட்டுமா” என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் பதிலே அனுப்பவில்லை.

இந்தப் பெண் செல்வி. தேவராவில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். முப்பத்தொன்பது வயது. அவள் ஒரு நிபந்தனை போட்டாளாம். அலங்கரித்துக்கொண்டு உட்கார்ந்து காட்ட முடியாது, தானே வந்து, ஆள் வேலை செய்கிற இடத்தில் பார்ப்பேன், பிடித்தால் அங்கிருந்து அக்கா வீட்டுக்குச் சாயா குடிக்க வருவேன் என்று. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி, கூட அவளுடைய அத்தை.

அக்கா என்னிடம் சுருக்கமாகச் சொன்னாள். “டேய், அவங்க கார்ல வர்றாங்க. வண்டி நிறுத்துறவனைப் பாக்க வந்துட்டு, வண்டி நிறுத்த இடமில்லாம திரும்பிப் போனாங்கன்னா, இந்த ஜென்மத்துல உனக்குக் கல்யாணம் கிடையாது பாத்துக்கோ. இதுக்கு மேல எனக்கும் தேட ஆளில்ல.”

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து யூதத் தெருவான ஜூ டவுனுக்கு வருகிற டூரிஸ்ட் கூட்டம் தெரிந்ததுதானே. பத்தரைக்கே முப்பத்தைந்து வண்டி. மீதி ஒன்று, வாசலை ஒட்டிய மரத்தடி இடம், நல்ல நிழல். அதில் என் நாற்காலியைப் போட்டேன். ஆனால் பலகையில் பச்சையாக ‘1’ எரிகிறது. அதைப் பார்த்து யாராவது வருவார்கள். வந்தால் நான் ‘இல்லை’ சொல்ல வேண்டும், அதுவும் பலகை ‘உண்டு’ என்று சொல்லும்போது. யோசித்தேன். போனை எடுத்தேன். வராத ஒரு வண்டியைக் கூட்டினேன். மூன்று பலகையிலும் சிவப்பு விழுந்தது.

இவ்வளவு புத்தியை வைத்துக்கொண்டு பத்தாம் கிளாஸோடு நின்றுவிட்டோமே என்று அப்போது எனக்கே வருத்தமாக இருந்தது. புதுச் சட்டையின் காலரைச் சரி செய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பதினொன்று அடித்துக் கொஞ்ச நேரத்தில், மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கார், தலையில் சிவப்பு எல் எழுத்தோடு, வாசலில் வந்து வேகம் குறைந்தது. ஓட்டியவள் கண்ணாடி போட்டிருந்தாள். என் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு நொடி இருக்கும். கார் நகர்ந்து போய்விட்டது.

அவள் பார்த்தது என் தலைக்கு மேலே இருந்த பலகையை. நான் என்னைத்தான் பார்த்தாள் என்று நினைத்தேன். சரி, பிடிக்கவில்லை. நேராகவே தெரிந்துகொண்டோம், நல்லதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பத்து நிமிஷத்தில் அதே கார் மறுபடி வந்தது. மறுபடி நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி போனாள். ஒருவனை வேண்டாம் என்று சொல்ல ஒரு தடவை பார்த்தால் போதாதா? மூன்றாவது தடவை வந்தபோது கையைத் தூக்கிக் கூப்பிடலாமா என்று தோன்றியது. கையும் தூக்கினேன். அது பாதி வழியில் திசை மாறித் தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது. நாலாவது தடவை அவள் பார்க்கக்கூட இல்லை.

அக்கா போன் செய்தாள். பின்னால் எண்ணெய் காயும் சத்தம். நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பழம்பொரி போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“நாலு ரவுண்டு சுத்திட்டாங்களாம். எல்லா பலகையிலும் ஃபுல்லுன்னு இருக்காம். அத்தைக்காரிக்கு மயக்கம் வருதாம். திரும்பிப் போறாங்க, பாலத்தடி டிராஃபிக் பிளாக்ல நிக்கிறாங்களாம். ஒரு இடம் பிடிச்சு வைக்கத் துப்பில்லையாடா உனக்கு?”

“இடம் இருக்குக்கா.”

“அப்போ பலகை?”

“அது நான் போட்டது. அவங்களுக்காகத்தான்.”

எண்ணெய் மட்டும் பேசியது. பிறகு, “ஓடுடா” என்றாள்.

பொத்தானை அழுத்திப் பலகையைப் பச்சையாக்கிவிட்டு ஓடினேன். இடத்தை யாரும் எடுத்துவிடாமல் நாற்காலி பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன். நான் பேசாத இடத்தில் நாற்காலியாவது பேசும் என்று நினைத்தேன் போல. அரிசி மண்டிகளுக்கு முன்னால், கைவண்டிகளுக்கு நடுவே, புதுச் சட்டையில் நான் ஓடியதைப் பார்த்து எங்கேயோ தீ பிடித்துவிட்டது என்று இரண்டு கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். பாலத்தடியில் வரிசையாக நின்ற வண்டிகளில் மஞ்சள் கார் எட்டாவதாக இருந்தது. கண்ணாடியைத் தட்டினேன். அவள் இறக்கினாள். எனக்கு மூச்சும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. மூச்சுதான் முதலில் வந்தது.

“இடம் இருக்கு” என்றேன்.

“ஃபுல்லுன்னு போட்டிருந்ததே?”

“அது பொய். நான் போட்டது. உங்களுக்காக ஒரு இடம் மறைச்சு வச்சேன்.”

அவள் என்னை முழுதாக ஒரு தடவை பார்த்தாள். இப்போது உண்மையாகவே என்னைத்தான். “பலகை பொய் சொல்லும்னு எங்க ஸ்கூல்ல நாங்க சொல்லிக்கொடுக்கிறதில்ல” என்றாள். பிறகு, “ஏறுங்க.”

முன்சீட்டில் ஏறினேன். பார்க்கிங்குக்குத் திரும்பி வந்தால், என் நாற்காலி மதிலோரமாக மரியாதையாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. மரத்தடியில் ஒரு ஜீப் நின்றது. பலகையில் ‘ஃபுல்’.

“இது உண்மையா, பொய்யா?” என்று கேட்டாள்.

“உண்மை.”

பின்னால் அத்தை நெற்றியைப் பிடித்துக்கொண்டார். செல்வி கியரை மாற்றினாள். இப்படியாக என்னைப் பெண் பார்க்கும் (சரி, மாப்பிள்ளை பார்க்கும்) சடங்கு, ஓடும் காரில், இடம் தேடியபடியே தொடங்கியது.

டிரைவிங் ஸ்கூல் காரில் ஒரு சங்கதி உண்டு. சொல்லிக்கொடுக்கிறவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியாது. அத்தை பின்னாலிருந்து, என்ன படிப்பு என்று கேட்டார். கார் ஒரு குலுங்கு குலுங்கியது. சம்பளம் போதுமா என்று கேட்டார். இன்னொரு குலுங்கல். “இத்தனை வயசு வரைக்கும் ஏன் தம்பி கல்யாணம் ஆகல?” என்று கேட்டபோது கார் ரோட்டு நடுவில் நின்றேவிட்டது. பின்னால் ஏழெட்டு ஹாரன்.

செல்வி நிதானமாகச் சொன்னாள். “காலை மேல தூக்கி வச்சுக்கோங்க. அத்தே, நீங்க கொஞ்சம் லேசான கேள்வியாக் கேளுங்க.”

சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கே ஆச்சரியம். அவள் ரோட்டைப் பார்த்தாள், நானும் ரோட்டைப் பார்த்தேன். முகம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பேச்சு வந்துவிட்டது. இடது பக்கம் திரும்புங்க, அந்தக் குடோன் ஞாயித்துக்கிழமை பூட்டியிருக்கும் என்றேன். அங்கே ஆட்டோக்கள் நின்றன. இந்தத் தெருவில் நிறுத்த வேண்டாம், மாடிக்காரி தண்ணி ஊத்துவா என்றேன். அவள் சிரித்தாள். கல்யாண மாப்பிள்ளை ஆட்டோவில் போன கதையைச் சொன்னேன். பெண் வீட்டில் ஃபேனைக் குறைத்த கதையைக்கூடச் சொன்னேன். ஒரு வருஷத்துக்குப் பேச வேண்டியதை அரை மணியில் பேசியிருப்பேன்.

கடைசியில் ஒரு பூட்டிய சுக்குக் குடோனுக்கு முன்னால் காலி இடம் கிடைத்தது. அழகாகப் பின்னால் எடுத்து நிறுத்தினாள். எஞ்சினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “அப்புறம்?” என்றாள்.

எனக்கு வாய் பூட்டிக்கொண்டது. விரல்களை எண்ணினேன். அத்தை இருமினார். முடிந்தது, போச்சு என்று எனக்குத் தெரிந்தது.

செல்வி சாவியைத் திருகினாள். கார் புறப்பட்டது.

“கிடைச்ச இடத்தை விட்டுட்டு எங்கடி போற?” என்று அத்தை கேட்டார்.

“இவரு ஓடுற வண்டியிலதான் பேசுவாரு போல. இன்னொரு ரவுண்டு போலாம், அத்தே.”

அக்கா வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி. பழம்பொரி செருப்பு மாதிரி ஆகியிருந்தது. அத்தை இரண்டு தின்றார், அதை வைத்துத்தான் சம்மதம் என்று அக்கா புரிந்துகொண்டாள். மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டு, ஆளில்லாத வாசலையும் வராத வண்டியையும் பற்றிக் கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்து முடித்துவிட்டு என் போனிலிருந்து இரண்டு பொத்தானையும் எடுத்துவிட்டார். இன்றைக்கும் எங்கள் பார்க்கிங்கில் ஆடு போனால் ஆபீசுக்கு போன் செய்து சொல்ல வேண்டும்.

கல்யாணத்தில் இருவரும் கை கோத்து மணவறையைச் சுற்றி வந்தோம். மூன்று சுற்று முடிந்தது தெரியாமல், குனிந்த தலையோடு நான் நாலாவதுக்குக் கிளம்பிவிட்டேன். செல்வியும் கூடவே வந்தாள். அப்போது அக்கா, பந்தலில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னதைத்தான் சொந்தக்காரர்கள் இன்னமும் ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்லிச் சிரிக்கிறார்கள்:

“போதும்டா, இடம் காலியாத்தான் இருக்கு. ரெண்டு பேரும் நிறுத்துங்க.”