104-ஆம் பிளாக் கணவர்கள் மியூச்சுவல் ஃபண்ட்

தொக்சு அன்றைக்குச் செல்போனைச் சமையல் மேடையில் மறந்து வைக்காமல் இருந்திருந்தால், கொரியாவின் இஞ்சோன் நகரத்தில் பத்தொன்பது ஆண்பிள்ளைகள் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நிம்மதியாக இருந்திருப்பார்கள். மறந்தார். போன் "டிங்" என்றது. அவர் மனைவி ஓக்ரான் வெங்காயத்தாள் நறுக்குவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"யூரி அப்பா! பொன்வசந்தம் யாரு?"

குளியலறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த தொக்சு நுரையை அப்படியே விழுங்கினார்.

"எந்தப் பொன்வசந்தம்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். 'அன்புள்ள பியோ தொக்சு அவர்களே, தங்கள் இந்த வாரப் பத்தாயிரம் வோன் வந்து சேர்ந்தது, நன்றி, பொன்வசந்தம்.' ஏங்க, வாரத்துக்குப் பத்தாயிரத்துல முடிச்சுக்கற அளவுக்கு மலிவா ஒருத்தி கிடைச்சாளா உங்களுக்கு?"

ஒரு பெண் என்று ஒப்புக்கொண்டிருந்தால் கரண்டியால் ஒரு அடியோடு போயிருக்கும். தொக்சுவுக்குப் போதாத காலம், உண்மையைச் சொல்லித் தொலைத்தார்.

உண்மை இதுதான். தொக்சுவின் சம்பளம் மாதா மாதம் இருபத்தைந்தாம் தேதி நேராக ஓக்ரானின் கணக்கில் போய் விழும். அதிலிருந்து மூன்று லட்சம் வோன் கைச்செலவுக்கு என்று அவருக்குத் திரும்பி வரும். அந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் நடப்பு, அதற்காக யாரும் மூக்கைச் சிந்தியது கிடையாது. தொக்சு மட்டும் வாரத்தில் இரண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டைத் தியாகம் செய்து, பத்தாயிரத்தை மிச்சம் பிடித்து, ஒரு வருஷமாகப் பொன்வசந்தம் என்கிற மியூச்சுவல் ஃபண்டில் போட்டு வந்தார். எதற்கு? ஒரு நல்ல தூண்டில் வாங்க. வாரம் முழுக்க டைல்ஸ் கம்பெனியில் ஊரான் வீட்டுக் குளியலறையைப் பற்றியே பேசுகிற மனுஷர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை துறைமுகத்து ஓரம் உட்கார்ந்து உளுவை மீன் பிடிக்கிற அந்த நாலு மணி நேரம் மட்டும்தான் அவருக்கு வாழ்க்கை. மற்றதெல்லாம் சும்மா மூச்சு விடுவது.

"பத்தாயிரம் வோனுக்கு எந்தக் கம்பெனியை வாங்கப் போறீங்க? வாசல் மணிகூட வராதே!" என்றாள் ஓக்ரான்.

இந்த இடத்தில் தொக்சு வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் ஓக்ரானுக்குத் தெரியாத ஒரு விஷயம் தனக்குத் தெரிந்திருப்பது இதுதான் முதல் தடவை. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டார்.

"அங்கதான் நீ தப்புப் பண்றே. என்கிட்ட பத்தாயிரம்தான். ஆனா என்னை மாதிரி லட்சம் பேர் ஆளுக்குப் பத்தாயிரம் போட்டா? பெரிய குவியல்! அதை விவரம் தெரிஞ்ச மேனேஜர் ஒருத்தர் அம்பது கம்பெனியில பிரிச்சுப் போடுவார். போட்ட காசுக்கு நமக்கு யூனிட் குடுப்பாங்க."

"அந்த அம்பதுல உங்களுது எது?"

"தனியா எதுவும் கிடையாது. அம்பதுலயும் துளித்துளி உண்டு."

"அதுல ஒண்ணு உருப்படாமப் போச்சுன்னா?"

"மத்த நாப்பத்தொம்பது தாங்கிப் பிடிக்கும்!"

"யூனிட் விலை இறங்கினா?"

"இறங்கட்டுமே! பதறவே கூடாது. அதே பத்தாயிரத்துக்குக் கூடுதல் யூனிட் கிடைக்கும். அப்பதான் இன்னும் நிறைய போடணும்!"

ஓக்ரான் கத்தியைக் கீழே வைத்தாள். புருஷனை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள்.

"உருப்படாத ஒண்ணை மட்டும் கையில வச்சுக்கிட்டுத் திண்டாடறவளுக்கு நல்ல ஏற்பாடுதாங்க," என்றாள்.

அதோடு விட்டுவிட்டாள். பணத்தைப் பிடுங்கவில்லை. "உங்க வாயைக் கட்டிச் சேர்த்தது, நீங்களே வச்சுக்கோங்க" என்று வேறு சொன்னாள்.

வியாழக்கிழமை மாலை ஆபீஸிலிருந்து வந்து லிஃப்டில் ஏறினால், கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது.

"104-ஆம் பிளாக் கணவர்கள் மியூச்சுவல் ஃபண்ட். குறைந்த வசதி உள்ளவர்களுக்கும் நிறைந்த பலன்! ஒரே கணவனை நம்பி ஏமாற வேண்டாம். ஞாயிறுதோறும் உங்கள் கணவரின் மூன்று மணி நேரத்தை முதலீடு செய்து, ஈடாக யூனிட் பெறுங்கள். பத்தொன்பது கணவர்களிலும் பங்கு பெறுங்கள். ஆரம்ப விலை யூனிட்டுக்கு ஆயிரம் வோன். மேனேஜர்: பெண்கள் சங்கத் தலைவி சுன்னே, வீட்டு எண் 1201."

அடியில் பொடி எழுத்தில், "கணவர்கள் அபாயத்துக்கு உட்பட்டவர்கள். முன்பு வேலை செய்தார்கள் என்பது இனியும் செய்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது."

தொக்சு ஐந்தாம் மாடிக்கு ஏறி, செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினார்.

"யூரி அம்மா! நான் என்ன ஷேரா?"

"ஷேருன்னா எப்பவாவது லாபம் வரும். ஏன் உங்களை நீங்களே உசத்திக்கறீங்க?"

"ஞாயித்துக்கிழமை உளுவை..."

"உளுவை எங்கேயும் ஓடிடாதுங்க. கடல்லதானே இருக்கு."

கொடுமை என்னவென்றால் ஃபண்ட் பிரமாதமாக ஓடியது. சுன்னே அம்மா முப்பது வருஷம் பேங்கில் டெபாசிட் கவுண்டரில் உட்கார்ந்து ரிட்டையர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கையில் மெகாஃபோனோடு கீழே நிற்பார். 905-ஆம் வீட்டு ஜிம் மாஸ்டர் அதுவரை 905-க்கு மட்டும் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். இப்போது அவருடைய தோள் எல்லா வீட்டுக்கும் பொது. 302-ஆம் வீட்டு அம்மாள் புருஷனை இழந்து பதினோரு வருஷம் ஆகிறது. மாதம் ஒரு ஜாடி சோயா விழுது கொடுத்துச் சேர்ந்தார். அவருக்கும் மற்றவர்களைப் போல இருபதில் ஒரு பங்கு. அடுத்த வாரமே அவர் வீட்டு ஜன்னலைத் துடைக்க ஒருத்தர், குழாயை மாற்ற ஒருத்தர், சும்மா உட்கார்ந்து தலையாட்ட ஒருத்தர். "உயிரோட ஒருத்தன் இருந்தப்போகூட இவ்வளவு நடக்கலை" என்று அந்த அம்மாள் கண் கலங்கினார்.

தொக்சுவைச் சுன்னே அம்மா பரிசோதித்துப் பார்த்து, "சிறு மூலதனம், மிகை அபாயம்" என்று பதிவேட்டில் எழுதினார். குப்பை பிரிக்கிற வேலைக்குப் போட்டார்.

மூன்றாவது வாரம், பிளாஸ்டிக் குவியலுக்குப் பின்னால் தொக்சுவும் 604-ஆம் வீட்டு கீபோங்கும் குந்தி உட்கார்ந்து சதி செய்தார்கள்.

"அண்ணே, இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. தூங்கி மூணு வாரம் ஆச்சு."

"கேளு கீபோங். ஃபண்ட் எதுல ஓடுது? நம்ம உழைப்புல. நாம கவுத்துட்டா விலை விழும். விலை விழுந்தா பொம்பளைங்க பயந்து போய் வெளியே ஓடுவாங்க. முதலீட்டாளருங்க எல்லாம் அப்படித்தான், படிச்சிருக்கேன்."

"எப்படிக் கவுக்கறது?"

"உன் வீட்ல எப்படி வேலை செய்வியோ அப்படிச் செய்."

செய்தார்கள். கீபோங் 802-இல் விளக்கு மாட்டப் போய்க் கூரையில் ஓட்டை போட்டார். தொக்சு 1103-இல் புகைபோக்கியைத் துடைக்கிறேன் என்று கழற்றி, துடைத்து, பளபளவென்று திருப்பிக் கொடுத்தார். மாட்டத் தெரியவில்லை என்றார். மீன் முள்ளைக் காகிதத்தோடு சேர்த்தார், காகிதத்தைக் கண்ணாடியோடு சேர்த்தார். சேதி பரவி மற்ற ஆண்களும் கையைக் காலை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். லிஃப்டில் ஒட்டியிருந்த விலை ஆயிரத்திலிருந்து எண்ணூறு, எண்ணூறிலிருந்து அறுநூற்று நாற்பது. தொக்சு அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு நாளைக்கு நாலு தடவை மேலும் கீழும் போய் வந்தார்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"விலை இப்படி விழுந்துடுச்சே, பாவம். போட்டது போகட்டும்னு வெளியே வந்துடு யூரி அம்மா."

"ஐயே! இப்பப் போய் வெளியே வருவாங்களா? அறுநூத்து நாப்பதுன்னா எவ்வளவு மலிவு! எல்லாரும் கூடிப் பேசி தவணையை ரெட்டிப்பாக்கிட்டோம். இனிமே ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் இல்லே, ஆறு."

"ஆறா?"

"நீங்கதானே அன்னிக்குத் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு அழகா விளக்கினீங்க. சங்கத்துல உங்களுக்குக் கை தட்டினாங்க தெரியுமா?"

இதைக் கேட்ட கீபோங் தொக்சுவோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

நவம்பர் வந்தது. நவம்பர் என்றால் கிம்ஜாங். குளிர்காலம் முழுமைக்குமான கிம்ச்சியை, அதாவது காரமான முட்டைக்கோஸ் ஊறுகாயை, ஒரே நாளில் போட்டு முடிப்பார்கள். வீட்டுக்கு நாற்பது முட்டைக்கோஸ், இருபது வீட்டுக்கு எண்ணூறு. சுமக்க வேண்டும், பிளக்க வேண்டும், உப்புத் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். ஆண்பிள்ளையின் முதுகுக்கு வருஷத்திலேயே மவுசு உள்ள நாள் அது ஒன்றுதான். பக்கத்து 105-ஆம் பிளாக்கிலிருந்துகூட யூனிட் கேட்டு வந்து நின்றார்கள். விலை எண்ணூற்றைம்பது, ஆயிரத்து நூறு, ஆயிரத்து நானூறு என்று பறந்தது. கிம்ஜாங்குக்குக் குறித்த ஞாயிற்றுக்கிழமைதான் உளுவை சீசனின் கடைசி நல்ல நீரோட்டம். அதை விட்டால் அடுத்த செப்டம்பர்.

சனிக்கிழமை மத்தியானம் மனைவி முன்னால் போய் உட்கார்ந்தார்.

"யூரி அம்மா. உன் யூனிட்டையெல்லாம் எனக்கு வித்துடு."

"எதுக்குங்க?"

"என்னை நானே வாங்கிக்கறேன்."

ஓக்ரான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வேணாங்க. இத்தனை வருஷம் இல்லாம இப்பத்தான் உங்க மேல ஒரு பற்று வந்திருக்கு. இன்னும் ஏறும்னு சுன்னே அக்காவும் சொல்றாங்க."

"இன்னிய விலைக்கே தரேன்! ஆயிரத்து நானூறு!"

"முந்நூத்துத் தொண்ணூறு யூனிட் இருக்கு. அஞ்சு லட்சத்து நாப்பத்தாறாயிரம் ஆகும். உங்களால முடியுமா, பாவம்?"

பொன்வசந்தத்தில் இருந்தது ஐந்து லட்சத்து ஐம்பதாயிரம். மிச்சம் நாலாயிரம். புழு வாங்கப் போதும். அதை மொத்தமாக விற்கச் சொல்லிவைத்து, பணம் வருகிறவரை கீபோங்கின் கையைக் காலைப் பிடித்துக் கடன் வாங்கி, எண்ணி மேஜையில் வைத்தார். ஓக்ரான் ஒரு பெருமூச்சு விட்டு, யூனிட்டைப் பெயர் மாற்றும் பத்திரத்தில் முத்திரை குத்தினாள். பத்திரம் முன்கூட்டியே டைப் அடித்துத் தயாராக இருந்ததைத் தொக்சு கவனித்தார். சந்தோஷத்தில் அதை யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தூண்டில், வாளி, தொப்பி, புழு டப்பாவோடு லிஃப்டில் இறங்கினார். முற்றத்தில் முட்டைக்கோஸ் மலை. அதைச் சுற்றிச் சிவப்பு ரப்பர் தொட்டிகளில் உப்புத் தண்ணீர். பதினெட்டு கணவர்கள் முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தொக்சு அவர்களைப் பார்த்து ராஜா மாதிரி கையசைத்தார்.

"503! வரிசையை விட்டு எங்கே போறீங்க?" மெகாஃபோன் அலறியது.

"நான் இனிமே உங்க ஆள் இல்லேம்மா. என்னை நான் மொத்தமா வாங்கிட்டேன்!" பத்திரத்தை நீட்டினார்.

சுன்னே அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு பேங்க் கவுண்டரில் சின்னப் பையனிடம் பேசுகிற அன்போடு பேசினார்.

"யூரி அப்பா, இது யூனிட். யூனிட் வாங்கினா தனி ஆள் எப்படிக் கிடைப்பார்? பத்தொம்பது பேர்லயும் உங்களுக்கு இருபதுல ஒரு பங்கு. மத்த பதினெட்டு பேர் பங்கு உங்க வீட்டு நாப்பது கோஸுக்குப் போகுது. உங்களைப் பொறுத்தவரை இன்னிக்கு ஆறு மணி நேரம். அதுல இருபதுல ஒண்ணு, பதினெட்டு நிமிஷம். அது உங்களுது. தாராளமா எடுத்துக்கோங்க."

"பதினெட்டு நிமிஷத்துல கடலுக்கே போக முடியாதேம்மா!"

"அதுக்கு நான் என்ன பண்றது? கடல் நம்ம ஃபண்டுல இல்லையே."

அப்போதுதான் ஓக்ரான் லிஃப்டிலிருந்து வந்தாள். உதட்டுச் சாயம், புதுக் கோட்டு, பக்கத்தில் 302 அம்மாள். வாசலில் வெந்நீர் ஊற்றுக்குப் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது.

"எங்கடி கிளம்பிட்டே?"

"நான் இப்ப முதலீட்டாளர் இல்லையே, எனக்கு இங்க என்ன வேலை? அஞ்சரை லட்சம் கையில இருக்கு, ரெண்டு நாள் இருந்துட்டு வரோம்."

"அப்ப என் கதி?"

"செவ்வாய்க்கிழமை வந்து திரும்ப வாங்கிக்கறேங்க. கிம்ஜாங் முடிஞ்சா புருஷனுக்கு என்ன விலை இருக்கப் போகுது?"

பஸ் போய்விட்டது. சுன்னே அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "உங்க பதினெட்டு நிமிஷம் ஆரம்பிச்சாச்சு" என்றார்.

தொக்சு வீம்பாக வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். கொக்கியில் புழுவைக் கோத்தார். தூண்டிலைத் தூக்கி உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் வீசிவிட்டு, கடலைப் பார்க்கிற மாதிரியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. கீபோங்குக்கு அழுகை வந்தது.

பதினேழாவது நிமிஷம் தூண்டில் வளைந்தது. தொக்சு துள்ளி எழுந்து, பல்லைக் கடித்து, சுற்றிச் சுற்றி இழுத்தார். நாலு கிலோ முட்டைக்கோஸ் ஒன்று தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்தது. பதினெட்டு கணவர்களும் தங்களை மறந்து ஆரவாரம் செய்தார்கள். இந்த வருஷத்தில் அவர் பிடித்ததிலேயே பெரியது அதுதான்.

சுன்னே அம்மா வந்து கொக்கியிலிருந்து கோஸைக் கழற்றினார். குவியலில் போட்டார். "உங்க பங்கு" என்று அதிலிருந்து ஒரு இலையைக் கிழித்து அவர் கையில் வைத்தார். பிறகு, மேனேஜர் கட்டணம் என்று சொல்லி, அதில் பாதியைத் திரும்பக் கிழித்துக்கொண்டார்.