ஓட்டைக்கு ஒரு சலவைக்கல்

உலகில் இதுநாள்வரை அன்பு ஓர் ஒழுங்கில்லாமல் நடந்துவந்தது. தலைவர் இல்லாமல், தீர்மானம் இல்லாமல், அவரவர் இஷ்டத்துக்கு உதவிக்கொண்டிருந்தார்கள். யுத்த காலத்தில் இந்த அவலத்தைப் போக்க ராஜபாளையத்தில் தோன்றியதே 'அண்டை அயல் அன்பு அபிவிருத்திச் சங்கம்'. அதன் காரியதரிசி அடியேன்தான் என்பதை மிகுந்த அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

சங்கம் தொடங்கிவிட்டதே தவிர, அபிவிருத்தி செய்ய அன்பு கிடைக்கவில்லை. தேடி அலைந்ததில் ஏசம்மாள் வீட்டுப் புறக்கடையில் அகப்பட்டது. பக்கத்து வீட்டுப் பேச்சிமுத்து மில் தொழிலாளி. விஷக்காய்ச்சலில் படுத்துவிட்டான். அரிசியோ ரேஷன். அவன் மனைவி ஆவுடையம்மாள் ரோஷக்காரி, செத்தாலும் கை நீட்டமாட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் மழைக்கு இடிந்த ஓட்டை ஒன்று இருந்தது. ஏசம்மாள் அதில் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். ஆள் அரவம் இல்லாதபோது ஆவுடையம்மாள் எடுத்துக்கொள்வாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்படிப்பட்ட அன்பு விளம்பரமே இல்லாமல் வீணாவதைக் கண்டு எனக்கு நெஞ்சு அடைத்தது.

அவசரக் கூட்டம் கூட்டினோம். காராச்சேவு, காப்பிக்குப் பிறகு, அந்த ஓட்டையிலேயே ஒரு சலவைக்கல்லைப் பதித்து அன்பைக் கௌரவிப்பதென்று ஏகமனதாக முடிவாயிற்று. 'இவ்வழியே ஏசம்மாள் ஆவுடையம்மாளுக்குக் கஞ்சி ஈந்து அன்பு வளர்த்தார்' என்பது மேல்பாதி. கீழ்ப்பாதியில் என் பெயர், சற்றே பெரிய எழுத்தில். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பஞ்சு வியாபாரி வைகுண்டராஜ் வந்து கல்லைத் திறந்துவைத்து, அன்புக்கு அடைக்கும் தாழ் கிடையாது என்று சிமெண்டு காயும்வரை பேசினார்.

கூட்டம் கலைந்ததும் ஏசம்மாள் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"அய்யா, கஞ்சிய இனி எங்க வைக்க?"

"தெரு வழியா கொண்டுபோயிக் குடு தாயி."

"தெரு பாக்க அவ வாங்கமாட்டா. இப்பம் பேரையும் கல்லுல வெட்டிட்டீக. அந்த மனுசன் காலையில இருந்து வெறும் வயித்தோட மொனங்குதாரு, எங்க வீடு வரைக்கும் கேக்கு."

ஓட்டை சம்பந்தமான ஆட்சேபங்கள் அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்று உறுதியளித்தேன். அவள் கிண்ணத்தோடு வீட்டுக்குள் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் தெருவே அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் ஏசம்மாள் உலக்கையால் இடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஆவுடையம்மாள் அம்மிக்குழவியால் இடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, தள்ளி நில்லு, கல்லு மேல விழுந்திரும்."

"விழட்டும்க்கா, நீ இடி."

ஊரே பார்த்துக்கொண்டு நிற்க, கிண்ணம் கைக்குக் கை மாறியது. வெட்கப்பட வேண்டிய ஆவுடையம்மாள் என்னைத்தான் முறைத்தாள்.

சங்கச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக இருவர்மேலும் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம். கல்லின் மேல்பாதி தூளாகிவிட்டது. கீழ்ப்பாதி மட்டும் ஓட்டைக்கு அடியில் அசையாமல் நிற்கிறது. கஞ்சி போகிற வழியை அடைத்தவன் யார் என்று இனி எவரும் விசாரிக்க வேண்டியதில்லை. பெரிய எழுத்தில் வெட்டியிருக்கிறது.